கையாலையும் கான்ட்ராக்டரும்

சிமெண்ட் குழைத்துக் கட்டிய கல்சுவர்தான் உறுதி என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வீட்டுக்குப் பின்னால் மேடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சமதளத்தில் வீடு கட்டியவர் சொல்லும் யோசனை சமதளத்துக்குத்தான் ஆகும். நமக்கோ பின்னால் ரப்பர் விளை, முன்னால் தாழ்வில் அடுத்தவர் வீட்டுக் கூரை. நடுவில் பத்தடி உயரத்துக்குக் கல்லை அடுக்கி மண்ணைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. கல்வேலைக்கென்று நம்பி இறங்கக் கிடைப்பது தை முதல் பங்குனி வரைதான். திருவட்டாறு, குலசேகரம் பக்கம் இருக்கிற எல்லோருக்கும் இதுதான் நிலைமை.

எங்கள் விளையில் அப்பா காலத்துக் கல்கையாலை ஒன்று இருந்தது. சாந்து கிடையாது, பூச்சு கிடையாது. அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகி, மேட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும் வெறும் கல்லடுக்கு. ஒரு இடத்தில் மட்டும் வயிறு தள்ளியிருந்தது. கையாலை வைக்கிற மூத்த கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் பிரித்து அடுக்கினால் போதும் என்றார். துபாயில் இருக்கும் என் தம்பிக்கு அது ருசிக்கவில்லை. வீடியோ காலில் கையாலையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா காட்டுக்குள்ள இருக்கிற மாதிரி?" என்றான். பணம் அவனுடையது, ஆகவே சுவரும் அவன் சொன்னதுதான். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டிலிருந்து போனில் வீடு கட்டுகிற ஒரு தம்பி இருப்பான். அவனிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

தம்பியின் நண்பர் ஒருவர் மூலமாக ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பழைய கையாலையில் பாதியை இடித்து, அதே கல்லைச் சிமெண்டில் வைத்து நேர்ச்சுவராகக் கட்டி, முன்பக்கம் பூசியும் கொடுத்தார். அடியில் இரண்டரை அடி, தலையிலும் ஏறக்குறைய அதே அகலம். பின்னால் வானம் தோண்டிய செம்மண்ணையே திரும்பக் கொட்டி மிதித்து நிரப்பினார்கள். நான் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். எனக்கு அப்போதே உறுத்தியது. "தண்ணீர் எங்கே போகும்?" என்று நேராகவே கேட்டேன். கேட்டதற்குச் சாட்சி உண்டு, சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். "குழாய் வச்சிருக்கே டீச்சரே, பாருங்க. இது போர்டுல போடுற கணக்கு இல்ல" என்றார். பார்த்தேன். சுவர் முகத்தில் வரிசையாகப் பி.வி.சி. குழாய் முனைகள் தெரிந்தன.

சரி, போர்டில் போடுகிற கணக்கையே போடுகிறேன். சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், ஒரு மீட்டர் ஆழத்தில் அது ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் பாரத்தோடு தள்ளும். மூன்று மீட்டர் ஆழத்தில் மூன்று டன். பத்தடிச் சுவர் என்பது சுமார் மூன்று மீட்டர். உச்சி வரை தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் மொத்தத்தில் நாலரை டன் தள்ளு விழும். இது தண்ணீருடைய பங்கு மட்டும்; மண்ணின் தள்ளு இதற்கு மேல் தனி. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதும் இங்கே பேச்சில்லை. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல்கடை அகலத்தில் நின்றாலும் சரி, குளம் அளவு நின்றாலும் சரி, உயரம் ஒன்றென்றால் தள்ளும் ஒன்றே. ஒரு பெரிய மழையே போதும் என்பது இதனால்தான்.

அப்பாவின் கையாலைக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதில் ஒவ்வொரு இடுக்கும் ஒரு வடிகால். தண்ணீர் சேரவே சேராது. "வெள்ளத்துக்கு வழி விடணும் டீச்சரே, மண்ணை நாம பிடிச்சிரலாம்" என்று மூத்த கொத்தனார் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

2021 நவம்பர் இரண்டாம் வாரம் குமரி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. அந்த மழையில்தான் புதுச்சுவர் போயிற்று. இரவோடு இரவாக நடுப்பகுதி மொத்தமாகப் பெயர்ந்து கீழ்வீட்டுக் குளியலறை மேல் விழுந்தது. நல்லவேளை, யாரும் உள்ளே இல்லை. குளியலறையைக் கட்டிக் கொடுத்தேன், மண்ணை வாரிக் கொடுத்தேன், கீழ்வீட்டு அம்மா மட்டும் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கான்ட்ராக்டர் வந்து பார்த்து, "இயற்கைச் சீற்றத்துக்கு நாம என்ன செய்ய முடியும்?" என்று கைவிரித்துவிட்டுப் போனார்.

இயற்கைச் சீற்றமா? இடிக்காமல் விட்ட அப்பாவின் மீதிக் கையாலை அதே மழையில் அதே மேட்டில் ஒரு கல் நகராமல் நின்றது. 2017 ஒக்கி புயலில் மேலே ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தபோதும் நின்றதுதான் அது.

இடிபாட்டை வாரும்போது குழாய்த் துண்டுகள் கிடைத்தன. எல்லாம் ஒரு சாண் நீளம். பின்முனையில் சிமெண்ட் கட்டியாக அடைத்திருந்தது. அதாவது சுவரின் முகத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குழாயைச் செருகிவிட்டு, அதற்குப் பின்னால் கல்லும் சாந்துமாகக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பார்வைக்குக் குழாய் இருந்தது, தண்ணீருக்குத்தான் இல்லை. எனக்கு ஆன செலவில் பெரும்பகுதி அந்த ஒரு சாண் குழாயால் ஆனது. இரண்டு முழம் குழாய்க்கு என்ன விலை வந்துவிடும் என்று இப்போதும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த தையில் மூத்த கொத்தனாரையே கூப்பிட்டேன். தம்பியிடம் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. வானம் தோண்டுவது, கெட்டி மண் வரும்வரை போவது, அடிக்கல்லை மேட்டுப் பக்கம் சரித்து வைப்பது எல்லாம் எந்த நல்ல கொத்தனாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தடி உயரத்துக்கு அடியில் ஐந்தடி, தலையில் இரண்டடி வைத்தோம். இடம் போகிறதே என்று யாராவது சொல்வார்கள். பிறகு தெரிந்தபோது என் தம்பியும் சொன்னான். சுவர் விழுந்தால் இதைவிட அதிகமாகப் போகும்.

பின்பக்கம் நிரப்புவதில்தான் நம் ஆட்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள். தோண்டிய மண் பக்கத்திலேயே குவிந்து கிடக்கும், அதைத் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. நம் செம்மண்ணில் களி அதிகம். தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்காவது அரளைக்கல்லும் சல்லியும்தான் போக வேண்டும். கல் ஒரு வரிசை உயர்ந்தால் பின்னால் சல்லியும் அதே உயரம் ஏற வேண்டும். முழுச்சுவரையும் எழுப்பிவிட்டுக் கடைசியில் கொட்டினால் உள்ளே பொந்து விழும். சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்தால் களி இறங்கிச் சல்லியை அடைக்காது. தலையில் ஒரு ஓடை வெட்டி, மேட்டிலிருந்து வரும் மழைநீரைச் சுவரைத் தாண்டிப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். சிமெண்டில்தான் கட்டுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், குழாயை முகத்திலிருந்து பின்னால் சல்லி வரை முழுதாகக் கொண்டு போங்கள். மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய், ஐந்தாறு அடிக்கு ஒன்று, முன்பக்கம் சற்றே சரிவாக.

இன்னொன்று, உள்ளே போகும் நீளக்கல். சுவரின் முகத்துக்கும் முதுகுக்கும் நடுவே குறுக்காகப் படுக்க வைக்கும் கல் அது. அழகான அகலமுகக் கல்லை நட்டுக்குத்தாக நிறுத்தி வெளியே காட்டிவிட்டு, நடுவில் பொடிக்கல்லும் மண்ணும் திணித்தால் சுவர் இரண்டு தோலாகப் பிரிந்துவிடும். வயிறு தள்ளுவது பெரும்பாலும் அப்படித்தான். வயிறு தள்ளிய சுவரை வெளியே இருந்து முட்டுக் கொடுத்தோ பூசியோ சரி செய்ய முடியாது. தள்ளிய இடத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் சேர்த்து, மேலிருந்து 'வி' வடிவில் பிரித்து இறக்கி, கல்லைப் பெரிது சிறிதாகப் பிரித்து வைத்துக்கொண்டு திரும்ப அடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பிரிக்கக் கூடாது.

2018-இல் யுனெஸ்கோ எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கல்கட்டுக் கலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. பிரான்சும் சுவிட்சர்லாந்தும் அதில் உண்டு. தம்பிக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். பதில் வரவில்லை.

இனி வெட்டுக்கல். எங்கள் பழைய தொழுவம் வெட்டுக்கல்லில் கட்டியது. இடுக்குகள் தேய்ந்து பல் விழுந்த வாய் மாதிரி ஆகியிருந்தது. என் உறவில் ஒரு இன்ஜினியர் இருக்கிறார். சுண்ணாம்புக்குப் பலமில்லை, கெட்டியான சிமெண்ட் கலவை வைத்துப் பாயிண்டிங் செய்யுங்கள் என்றார். ஒரு சுவரை அவர் சொன்னபடி செய்தோம். நம் ஊர்க் காற்றில் வெட்டுக்கல் எப்போதும் ஈரத்தைக் குடித்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். இடுக்குச் சாந்து மென்மையாக இருந்தால் ஈரம் இடுக்கு வழியே வெளியேறும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்தால் அது கல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்; வரும்போது கல்லைப் பொடியாக்கிக்கொண்டு வரும். இப்போது அந்தச் சுவரில் கல் உள்வாங்கிப் போய், சிமெண்ட் மட்டும் வரப்பு கட்டினதுபோல் நீட்டிக்கொண்டிருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துத்தான் கட்டி முடித்தார் பென்னிகுயிக். பலமில்லையாம்!

மற்றச் சுவர்களுக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல்பொடி ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. செங்கல்பொடியை விடக் கூடாது. வெறும் சுண்ணாம்பு காற்றைப் பிடித்துத்தான் இறுகும். ஈரம் நிறைந்த சுவரில் காற்று உள்ளே போகாது, மாதக்கணக்கில் மெத்தென்றே கிடக்கும். செங்கல்பொடி சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகும். அளவாக வெந்த கல்லின் பொடிதான் வேண்டும், கருகிய கல் உதவாது. பழைய சாந்தை ஓரங்குலமாவது சுரண்டி எடுத்து, கல்லை நனைத்து, கரணையால் அழுத்தி உள்ளே திணியுங்கள். கல் முகத்தில் ஈசக் கூடாது. கடல்மணல் பக்கமே போகாதீர்கள், உப்பு பூத்துவிடும். ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள். காற்றில் ஈரம் இருக்கிறதே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள், பங்குனி வெயிலுக்கு அது காணாது.

பாசியைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கருங்கல்லில் பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். டைல்ஸ் கடைக்காரர் கொடுக்கும் ஆசிட்டை ஊற்றிக் கழுவாதீர்கள். பாசியோடு சாந்தையும் தின்றுவிடும். கவலைப்பட வேண்டியது ஆலும் அரசும்தான். பறவை எச்சத்தில் விழுந்த விதை இடுக்கில் முளைக்கும். இரண்டு இலையில் கிள்ளினால் விரலோடு போகும். கை தடிமன் ஆனபிறகு பிடித்து இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். அப்போது வெட்டிவிட்டு, வேர் ஓடிய மட்டும் கல்லைப் பிரித்து எடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் பக்கத்து விளைக்காரர், அரசமரத்தை வெட்டினால் பாவம் என்று விட்டுவைத்திருக்கிறார். அவர் சுவரைப் போய்ப் பாருங்கள்.

ஆளைப் பிடிப்பதில் ஒரு வார்த்தை. சதுர அடிக் கணக்கில் கல்வேலையை விடாதீர்கள். அப்படி விட்டால் கண்ணுக்குத் தெரியும் முகத்துக்குத்தான் கூலி, முதுகை யாரும் கட்டமாட்டார்கள். நாள்கூலிக்கு வையுங்கள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வேலை மெதுவாகப் போகும், போகட்டும்.

ஏற்கெனவே கான்ட்ராக்டரிடம் கொடுத்துக் கட்டி முடித்துவிட்டவர்கள், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு கட்டுக்கம்பியை எடுத்துச் சுவரில் உள்ள ஒவ்வொரு குழாயிலும் விட்டுப் பாருங்கள். சுவரின் அகலம் முழுவதும் போய்ச் சல்லியில் முட்ட வேண்டும். ஒரு சாணிலேயே நின்றுவிட்டால், கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.