பழைய உழவு இயந்திரத்தில் விளக்கு மங்கினால்

மன்னார்த் தீவிலும் அரிப்பு, சிலாவத்துறைக் கரையிலும் ஓடும் பழைய உழவு இயந்திரத்தில் விளக்கு மங்கினால், பல்ப்பை மாற்றுவதற்கு முன் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும். சோளகக் காற்று மாதக்கணக்கில் கொண்டுவரும் உப்பு ஈரம் வயரின் செம்பைப் பச்சை பூக்க வைக்கிறது. கட்டுக்கரைக்குளத்து வயல்களில் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே சேறும் எலியும் வயரைக் கெடுக்கின்றன.

வேலைக்கு ஒரு மீற்றரும், இரண்டு வயர் இணைத்த 12 வோல்ட் பல்ப் ஒன்றும் போதும். முதலில் பற்றரி. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற இயந்திரத்தில் 12.6 வோல்ட் காட்டினால் பற்றரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பற்றரி தளர்ந்திருக்கலாம். முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் இறுக்கி, மேலே வாசலின் பூச வேண்டும். சோடா நீர் பற்றரிக்குள் இறங்கக்கூடாது.

பற்றரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலில் எடுத்து, பூட்டும்போது கடைசியில் போடுவது முறை. இல்லாவிட்டால் ஸ்பானர் உடலில் பட்டு தீப்பொறி பறக்கும். டைனமோ பூட்டிய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனையே எர்த்தாக இருக்கும். தடித்த வயர் எந்த முனையிலிருந்து உடலுக்குப் போகிறது என்று பார்க்காமல் எதையும் பூட்டக்கூடாது.

அடுத்தது எர்த். பெரும்பாலான கோளாறு இங்கேதான் ஒளிந்திருக்கும். முன்விளக்கைப் போட்டபடி, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எர்த் முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோக உடலிலும் வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் போல்ட்டைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, மீண்டும் இறுக்க வேண்டும். 12 வோல்ட் பல்ப்புக்கு 10.5 வோல்ட்தான் கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இரவில் கழுதைகள் படுத்துக்கிடக்கும் மன்னார் வீதிகளில் இது சிறிய குறையல்ல.

எர்த் சரியென்றால் சோதனை பல்ப்பின் ஒரு வயரை எர்த்தில் பிடித்து, மறுவயரால் பியூஸ், சுவிட்ச், விளக்கு முனை என வரிசையாகத் தொட்டுப் பார்க்கலாம். பல்ப் எரிந்த இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் பிழை. பழைய லூக்காஸ் வயரிங்கில் மண்ணிறம் பற்றரிக்கும், நீலம் முன்விளக்குக்கும், சிவப்பு பின்விளக்குக்கும் உரியவை. ஆனால் பல கைகள் மாறிய இயந்திரத்தில் நிறத்தை மட்டும் நம்புவதற்கில்லை. வயரை வெட்டிப் பார்க்கும்போது உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை பின்னோக்கி வெட்டித்தான் இணைக்க வேண்டும். பியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவது வயரையே எரிக்கும்.

பின்னால் இழுவைப் பெட்டி பூட்டியதும் அதன் பின்விளக்குகள் ஏறுக்குமாறாக எரிவது தனிக் கதை. பிரேக் மிதித்தால் சிக்னல் லேசாக மின்னும், பின்விளக்கு அணையும். எர்த் கிடைக்காத மின்னோட்டம் அடுத்த பல்ப் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. கொழுக்கி ஊசியில் கிறீஸும் மணலும் படிந்திருப்பதால் அதை எர்த்தாக நம்பமுடியாது. பெட்டிக்குத் தனி எர்த் வயர் இழுப்பதே நிரந்தர வழி.

விளக்கு நன்றாக எரிந்தும் பற்றரி தினமும் இறங்கினால் சார்ஜைப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டர் என்றால், வேகமாக ஓடும்போது பற்றரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வரவேண்டும். டைனமோ என்றால் முதலில் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்த்து, பிறகு டி, எஃப் எனக் குறித்த முனைகளின் இரு வயர்களையும் கழற்றி, டைனமோவின் அந்த இரு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, மீற்றரை அவற்றுக்கும் உடலுக்கும் இடையில் வைத்து, எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டலாம். வோல்ட் விறுவிறுவென ஏறினால் டைனமோ நல்லது, கோளாறு ரெகுலேட்டர் பெட்டியில். 20 வோல்ட்டைத் தாண்டவிடக்கூடாது. ஏறாவிட்டால் முதலில் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடக்கூடும்.