ஒன்றையொன்று துரத்திய மூன்று செய்திகள்

1 பெரியதா, 11 பெரியதா? "இதென்ன கேள்வி!" என்பீர்கள். ஆனால் பகல் 11 மணிக்குப் புறப்பட்ட பேருந்து 1 மணிக்கு ஊர் சேர்ந்தால், 1 அல்லவா பிந்தியது? வட்டமாகச் சுற்றும் எண்களிடம் இந்தத் தொல்லை உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் கணிப்பொறி வலையமைப்பு பல மணி நேரம் முடங்கியது இதனால்தான்.

இணையத்தின் முன்னோடி அது. அதில் பெரிய கணிப்பொறிகள் நேரடியாக இணைக்கப்படவில்லை. வழி காட்டுவதற்கென்றே 'இம்ப்' என்னும் தனிப் பொறிகள் இருந்தன. இன்று நாம் ரூட்டர் என்கிறோமே, அதன் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இம்ப்பும் தன் இணைப்புகளின் நிலையைச் சிறு செய்தியாக அண்டை இம்ப்களுக்கு அனுப்பும். அவை தத்தம் அண்டைக்கு அனுப்பும். பழைய செய்தியைத் தள்ளிப் புதியதை ஏற்பதற்காக, 0 முதல் 63 வரை வரிசை எண் இடப்பட்டது. 63-க்குப் பின் மீண்டும் 0. வட்டத்தில் 32 படிகளுக்குள் முன்னால் இருக்கும் எண்ணே புதியது என்பது விதி.

அன்று 29-ஆம் இம்ப்பில் பழுது. அது சில 1-களை நழுவவிட்டு 0 ஆக்கியது. அதன் அண்டையான 50-ஆம் இம்ப்பின் பெயரில் 44, 40, 8 என்று மூன்று எண்களில் செய்திகள் பரவின. இரும எண்ணில் 44 என்பது 101100. ஓர் 1 நழுவினால் 101000, அதாவது 40. இன்னொன்றும் நழுவினால் 001000, அதாவது 8.

இனி காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து எண்ணிப் பாருங்கள். 8-லிருந்து 40-க்கு 32 படி. ஆகவே 40 புதியது. 40-லிருந்து 44-க்கு 4 படி, 44 புதியது. 44-லிருந்து 63-ஐக் கடந்து 8-க்கு 28 படிதான்; ஆகவே 8 புதியது! மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருந்தன. இம்ப்கள் இவற்றை வாங்குவதிலும் அனுப்புவதிலுமே பொழுதைக் கழித்தன. உண்மையான வேலைக்கு நேரம் ஏது?

ஓர் இம்ப்பை நிறுத்தி மறுபடி இயக்கியும் பயனில்லை; அண்டை இம்ப் அதே மூன்றையும் திரும்ப ஊட்டிவிடும். (பழுது ஒரே பொறியில், நோயோ எல்லாவற்றிலும்!) முடிவில், 50-ஆம் இம்ப்பின் நிலைச் செய்திகளைப் பொருட்படுத்தாதபடி மற்ற இம்ப்களின் நிரலைத் திருத்தினார்கள். வலையமைப்பு உயிர் பெற்றது.

பின்னாளில் வந்த ஓஎஸ்பிஎஃப் என்னும் வழிகாட்டு முறையில் வரிசை எண் வட்டமாகச் சுற்றுவதில்லை, நேர்கோட்டில் ஏறுகிறது. அதன் நீளமும் 6 பிட் அல்ல, 32 பிட்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 44, 40 ஆகிய இரண்டு மட்டும் உலவியிருந்தால் இந்தத் துரத்தல் நடந்திருக்குமா?