இரண்டு வெற்றி, பதினெட்டுத் தோல்வி

அன்புள்ள கவின்,

நீ அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். வலது கை இல்லாத ஒருவர் பந்து வீசுகிறார், கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, பின்னணியில் வயலின். ‘செம மாமா’ என்று கீழே எழுதியிருந்தாய். செமதான். ஆனால் அந்தக் காணொளி 1993-இல் நின்றுவிடுகிறது. அதில் வரும் ஜிம் அபட் 1999 வரை பேஸ்பாலில்தான் இருந்தார். அந்த மிச்சத்துக்கு யாரும் வயலின் போடுவதில்லை.

1967-இல் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரில் பிறந்தவர் அவர். பிறவியிலேயே வலது கையில் விரலோ உள்ளங்கையோ கிடையாது. பேஸ்பாலில் பந்து வீசுபவரை பிட்சர் என்பார்கள். வீசிய மறுகணமே அவரும் ஒரு ஃபீல்டர். பேட்டருக்கும் அவருக்கும் நடுவே பதினெட்டரை மீட்டர்கூட இல்லை. அடி நன்றாகப் பட்டுவிட்டால் பந்து அரை வினாடிக்குள் முகத்துக்கு நேரே வரும். வீசவும் இடது கை, கையுறை மாட்டவும் அதே இடது கை. என்ன செய்வார்?

கையுறையை வலது கையின் நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு வீசுவார். பந்து போய்ச் சேர்வதற்குள் இடது கை கையுறைக்குள் நுழைந்திருக்கும். பந்தைப் பிடித்ததும் கையுறையை வலது முன்கைக்கும் உடம்புக்கும் நடுவே இடுக்கி, பந்தோடு கையை உருவி எடுத்து எறிவார். சிறுவயதில் செங்கல் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகியது இது. பள்ளி நாட்களில் ஓர் எதிரணி, அவரால் குனிந்து எடுக்க முடியாது என்று நினைத்து, வரிசையாகப் பந்தை மெல்லத் தட்டி அவர் பக்கமே உருட்டிவிட்டது. பலிக்கவில்லை.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஜப்பானை வென்றபோது அமெரிக்காவின் பிட்சர் அவர்தான். அடுத்த ஆண்டே, கீழ்நிலை லீக் எதிலும் ஆடாமல், நேராக கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணிக்குப் போனார். இது அபூர்வம், பெரும்பாலோர் சிற்றூர் மைதானங்களில் பேருந்து ஏறி இறங்கித்தான் மேலே வருவார்கள்.

ஒரு விஷயம் புரிந்துகொள். ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்சரின் பெயரிலும் எழுதிவைப்பார்கள். 1991-இல் அவர் பெயரில் 18 வெற்றி. 1992-இல், சக வீரர்களின் பிழையால் போன ரன்களைத் தள்ளினால், அவர் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, மூன்று ரன்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் 15 தோல்வி. சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்ய முடியும்? எனக்கு அந்தக் கணக்கு முறையே பிடிக்காது.

நீ பார்த்தது 1993 செப்டம்பர் 4. அணி மாறி நியூயார்க் யாங்கீஸுக்காக ஆடியபோது, கிளீவ்லாண்ட் அணிக்கு ஒரே ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக முதல் தளத்தை அடைவது) கொடுக்காமல் முடித்த ஆட்டம். அதற்கு முந்தைய முறை இதே கிளீவ்லாண்ட் அவரை நான்கு இன்னிங்ஸ்கூட நிற்கவிடாமல் ஏழு ரன் அடித்திருந்தது. காணொளியில் அது இல்லை, பார்த்தாயா?

பிறகு பந்தின் வேகம் குறைந்தது. 1996-இல் 2 வெற்றி, 18 தோல்வி. இம்முறை அணியைக் குறைசொல்ல வழியில்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏழு ரன்னுக்கு மேல் கொடுத்தார். மறு ஆண்டு ஆட்டமே இல்லை. 1998-இல், முப்பது வயதில், அன்று தாண்டிக் குதித்த கீழ்நிலை லீக்குகளில் அடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறினார். செப்டம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அழைத்தது. ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. எனக்கு 1993-ஐவிட இந்தச் செப்டம்பர்தான் பிடிக்கும். மறு ஆண்டு மில்வாக்கி அணியில் மட்டையும் பிடித்தார். இரண்டு ஹிட் அடித்தார். அத்தோடு ஓய்வு. மொத்தக் கணக்கு 87 வெற்றி, 108 தோல்வி.

அந்தக் கையுறை மாற்றலை நேற்று மொட்டைமாடியில் ரப்பர் பந்தும் அத்தையின் அடுப்படிக் கையுறையுமாக நானும் செய்து பார்த்தேன். பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது வேறு பந்து கொண்டுவா.

அன்புடன்,
மாமா