பூச்சியத்திற்கும் பொருளுண்டு

இன்று எவரெஸ்ற் எனப்படும் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856ஆம் ஆண்டில் இந்திய நில அளவைத் துறையினர் அறிவித்தனர். கணக்கில் வந்த விடையோ சரியாக 29,000 அடி என்பர். அதை அப்படியே வெளியிட்டால் உத்தேசக் கணக்கென்று உலகம் எண்ணிவிடும் என அஞ்சி, இரண்டு அடியைக் கூட்டினார்களாம்! உண்மையை நம்பவைக்க உண்மையல்லாத ஓர் இலக்கம் வேண்டியதாயிற்று.

அளந்து உறுதியாகப் பெற்ற இலக்கங்களும், இறுதியில் மதிப்பிட்டுப் பெறும் ஓர் இலக்கமுமே பொருளுடைய இலக்கங்கள். 29,000 இல் உள்ள பூச்சியங்கள் அளந்து பெற்றவையா, வெறுமனே இடத்தை நிரப்புபவையா என்பது பார்வைக்குத் தெரியாது. 2.9000 × 10⁴ என எழுதினால் ஐந்தும் பொருளுடையவை என்பது தெளிவாகும். 0.0025 இல் முன்னுள்ள பூச்சியங்கள் இடத்தை மட்டுமே காட்டுகின்றன. ஆகவே பொருளுடையவை இரண்டே. 205 இலும் 2.50 இலும் மும்மூன்று.

மாணவர் பெரிதும் தவறுவது பெருக்கலிலேயே. ஓர் அட்டையின் நீளம் 12.4 சதமமீற்றர், அகலம் 6.3 சதமமீற்றர். பரப்பளவைக் கல்குலேற்றர் 78.12 எனக் காட்டும். அகலத்தில் இரண்டு இலக்கங்களே இருக்க, விடையில் நான்கு எங்கிருந்து வந்தன? 78 சதுர சதமமீற்றர் என்பதே முறை. பெருக்கலிலும் வகுத்தலிலும், குறைந்த இலக்கங்களையுடைய அளவே விடைக்கு எல்லை.

அறியாததை அறிந்ததுபோல் எழுதுவதும் பொய்யே. பெற்றோரே, பிள்ளையின் கொப்பியைப் பார்க்கும்போது, "இதில் எத்தனை இலக்கம் நீ உண்மையில் அளந்தது?" என்றும் கேளுங்கள்.