இந்தியாவுக்குப் படிக்கப் போகுமுன்: பெரகலப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

உயர்தரப் பெறுபேறு வந்ததும் பெரகல, அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சு: “கெம்பஸ் கிடைக்காட்டி என்ன செய்றது? இந்தியாவுக்கு அனுப்பலாமா?” சென்னை, புதுச்சேரி, கொச்சி, விசாகப்பட்டினம் என்று கடற்கரை நகரங்களின் பெயர்கள் அடிபடும். சில நாளில் முகவர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் கைக்கு வந்துவிடும்.

அனுப்பலாம், நல்ல வழிதான். ஆனால் எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன், படிப்பு முடிந்து திரும்பி வரும் நாளை நினைத்துப் பாருங்கள். அன்று கையில் இருக்கும் பட்டமும் பயிற்சியும் இங்கே எந்த வேலைக்கு உதவும்? இதற்கு விடை தெரிந்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

பட்டம் இங்கே செல்லுமா?

ஆசிரியர் நியமனமோ வேறு அரச வேலையோ வேண்டுமென்றால், பட்டம் தரும் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்க வேண்டும். கல்லூரியின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று கேட்டு, அந்தப் பெயரை எழுதி ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். பதிலைக் கடிதமாக வாங்கிக் கொள்ளுங்கள்.

சில துறைகளில் இது மட்டும் போதாது. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர் இலங்கை மருத்துவச் சபை ஏற்கும் கல்லூரியில் படித்திருப்பதோடு, இங்கே வந்து தனிப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும். பொறியியல், சட்டம் போன்ற துறைகளுக்கும் தனித்தனி நிறுவனங்களின் விதிகள் உண்டு. முகவரின் வாய்வார்த்தை இவற்றில் எதற்கும் ஈடாகாது.

பணம் எங்கிருந்து வரும்?

முதலில் இந்திய அரசின் புலமைப்பரிசில்களைப் பாருங்கள். 1950இல் தொடங்கிய இந்தியக் கலாசார உறவுகள் பேரவை வழியாக இலங்கை மாணவருக்கு இவை கிடைக்கின்றன. இளநிலைப் பட்டங்களுக்கு நேரு நினைவுத் திட்டம், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி திட்டம், முதுநிலைக்கு மௌலானா ஆசாத் திட்டம். கல்விக் கட்டணத்தோடு மாத உதவித்தொகையும் வரும். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. மருத்துவப் படிப்பு இதில் அடங்காது. பொறியியலுக்கு இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். கொழும்பில் உள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் இதற்கான அறிவித்தலை வெளியிடும். நமக்குப் பக்கத்தில் கண்டியில் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது; அங்கே நேரில் போய் விசாரிக்கலாம்.

உதவித்தொகை கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வரத் தாமதமாகலாம். முதல் இரண்டு, மூன்று மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வையுங்கள்.

சொந்தச் செலவில் அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஊழியர் சேமலாப நிதியில் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கும் வசதி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் உரியது, படிப்புக்கு அல்ல. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நகையை அடகு வைத்து முதல் வருடத்தை ஒப்பேற்றிவிட்டு, இரண்டாம் வருடம் பிள்ளையைப் பாதியில் கூப்பிட்டுக் கொள்ளும் நிலை வரக் கூடாது. முழுப் படிப்புக்கும் ஆகும் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே முதல் ரூபாயைக் கட்டுங்கள்.

“அங்கே வேலை செய்துகொண்டே படிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரமும், அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமும் மாணவர் வேலை செய்யலாம். இந்திய மாணவர் வீசாவில் அப்படிச் சம்பள வேலைக்குப் போக முடியாது.

பெயரைச் சரிசெய்யுங்கள்

தோட்டத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். கடவுச்சீட்டு, பெறுபேற்றுச் சான்றிதழ், வீசா விண்ணப்பம் மூன்றிலும் ஓர் எழுத்து மாறினாலும் வேலை நின்றுவிடும்.

திருத்த வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் இப்போதே கொடுங்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்தில் எடுங்கள். உயர்தரச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெற்று, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்துங்கள். கடவுச்சீட்டுக்குப் பத்தரமுல்லை வரை போகாமல் கண்டிக் கிளை அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம்.

பயிற்சிதான் கடற்கரை நகரத்தின் பலன்

கட்டடமும் கடற்கரையும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து நகரத்தைத் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் பாடத்துக்கு அங்கே எங்கே உள்ளகப் பயிற்சி கிடைக்கும் என்று பாருங்கள்.

கொச்சியை எடுத்துக் கொள்வோம். 1971இல் தொடங்கிய கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கடல் அறிவியலுக்குப் பெயர் பெற்றது. அதே நகரில் தேயிலை ஏலம் நடக்கிறது, நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகம் இருக்கிறது, பெரிய துறைமுகமும் இருக்கிறது. ஊவாத் தேயிலை விளையும் மலையிலிருந்து போகும் பிள்ளைக்கு, தேயிலையும் மிளகும் எப்படி விலை பேசப்படுகின்றன, எப்படிக் கப்பலேறுகின்றன என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் அரிது. சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையெங்கும் கணினி நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகள், பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமோ மெரினாவுக்கு எதிரிலேயே இருக்கிறது. புவியியல், மண், நீர் பற்றிப் படிப்பவரானால் 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நினைத்துக் கொள்ளுங்கள். மண்சரிவை முன்கூட்டி அறியும் கல்வி நம் மலைகளுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

சேருமுன் பல்கலைக்கழகத்திடம் இவற்றைக் கேளுங்கள்: பயிற்சி பாடத்திட்டத்துக்குள் அடங்குகிறதா? எத்தனை வாரம்? இடத்தைப் பல்கலைக்கழகம் தேடித் தருமா, மாணவர்தான் தேட வேண்டுமா? முன்பு வெளிநாட்டு மாணவர்கள் எங்கே பயிற்சி பெற்றார்கள்? பாடத்தின் பகுதியாக உள்ள பயிற்சியே வீசா விதிப்படி பாதுகாப்பானது. துறைமுகம், அரச ஆய்வகம் போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். ஆகவே அந்த ஏற்பாட்டை ஒரு தவணை முன்னதாகவே தொடங்குங்கள். துறைத் தலைவரின் கடிதம் கையில் வந்த பிறகே பயிற்சிக்குப் போங்கள். முடித்ததும் என்ன வேலை செய்தீர்கள் என்பதை விவரித்து, பொறுப்பாளர் கையொப்பமிட்ட கடிதம் வாங்குங்கள். “பயிற்சி பெற்றார்” என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் ஊருக்கு வந்தபின் அவ்வளவாக உதவாது.

தமிழ் மொழிமூலம் படித்தவருக்குச் சென்னையில் பேச்சு சிரமமில்லை. விரிவுரை மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும். பெறுபேற்றுக்கும் பயணத்துக்கும் இடையிலுள்ள மாதங்களில் உங்கள் பாடப் புத்தகம் ஒன்றையாவது ஆங்கிலத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்து முடியுங்கள்.

போய் இறங்கிய பின்

180 நாளுக்கு மேற்பட்ட வீசாவில் போகிறவர் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிய வேண்டும். முதல் வருடம் பல்கலைக்கழக விடுதியில் இருப்பதே நல்லது. வெளியே வீடு எடுத்தால், வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அறிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாடகைக்குப் போகாதீர்கள். இலங்கை என்றதும் சிலர் தயங்கலாம். பல்கலைக்கழகக் கடிதத்தைக் காட்டுங்கள். சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது.

ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். 2015 டிசம்பரில் நகரத்தின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. தாழ்வான இடத்தில் தரைத்தள அறை எடுக்காதீர்கள். கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் நீர் புகாத உறையில் வைத்து, பிரதிகளைக் கைபேசியிலும் வீட்டிலும் வைத்திருங்கள்.

திருச்சியிலோ நீலகிரியிலோ சொந்தக்காரர் இருந்தால் அவர்கள் முகவரியைக் கொடுத்தனுப்புங்கள். மகளை அனுப்பத் தயங்கும் அம்மா அப்பாவுக்கு: விடுதிக் காப்பாளரின் எண்ணையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் எண்ணையும் கேட்டு வாங்கி, பயணத்துக்கு முன் நீங்களே ஒருமுறை பேசுங்கள். உங்கள் பயத்துக்கு விடை அந்தப் பேச்சில் கிடைக்கும். பயத்துக்காக மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வாரமே இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மானியங்கள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வரும்வரை எந்த முகவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.