பத்து விநாடிக்குள்: லூபோக் சீனா வீடுகளுக்கு ஒரு தீயணைப்புக் கருவி வழிகாட்டி

மலாக்கா முடிந்து நெகிரி செம்பிலான் தொடங்கும் எல்லையில் இருக்கிறது லூபோக் சீனா. டவுனைத் தாண்டினால் ரப்பரும் செம்பனையும்தான். தீ என்றால் தீயணைப்புப் படையான பொம்பா வரும். ஆனால் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பி, தோட்டத்து மண்பாதையைப் பிடித்து லயத்துக்கு வந்துசேர நேரமாகும். அதுவரை உங்கள் கையில் இருப்பது சுவரில் மாட்டிய சிவப்புக் கருவி மட்டுமே. சிறிய கருவி ஏறத்தாழ 10 விநாடிதான் பொடியைப் பீய்ச்சும். அதைத் தூக்கிய பிறகு யோசிக்க அவகாசம் கிடையாது.

படி 1: வாங்குவதும் மாட்டுவதும்

வீட்டுக்கு ஏபிசி பொடிக் கருவி போதும். மரம், துணி, காகிதம், பெட்ரோல், கேஸ் எல்லாவற்றுக்கும் ஆகும். பொடியில் மின்சாரம் பாயாது. காருக்கு விற்கும் 1 கிலோ கருவியை வீட்டுக்கு வாங்குவது, என்னைக் கேட்டால், வீண். 2 கிலோவாவது வேண்டும். அதற்காக 9 கிலோவுக்கும் போகாதீர்கள். அது பொடியின் எடை மட்டும். இரும்புக் கூட்டோடு சேர்த்து வீட்டில் இருக்கும் பாட்டியால் தூக்க முடியுமா என்று பாருங்கள். பொம்பா அங்கீகார ஒட்டுவில்லையும் அதிலுள்ள காலாவதித் தேதியும் முக்கியம்.

அடுப்புக்கு மேலே மாட்ட வேண்டாம். தீப்பிடிக்கும் இடமே அதுதான். நெருப்பைத் தாண்டியா கருவியை எடுப்பது? வாசலுக்குப் போகும் வழியில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்க்க மட்டும் கூடாது. அடைப்பானில் பொடி சிக்கி, அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.

படி 2: அணைப்பதா, ஓடுவதா

எல்லாரும் வெளியே போயாயிற்றா? ஒருவர் 999-க்கு அழைத்துவிட்டாரா? உங்கள் முதுகுக்குப் பின்னால் வாசல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும் கருவியைத் தொடுங்கள். தீ குப்பைத்தொட்டி அளவைத் தாண்டியிருந்தாலோ, அறையில் புகை மண்டியிருந்தாலோ கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள்.

பெரியவர்கள் பலர் பழைய 994-ஐத்தான் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2007-இல் அவசர எண்கள் 999-இல் இணைந்துவிட்டன. அழைக்கும்போது மலாக்கா பக்கமா, நெகிரி பக்கமா என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் தோட்டத்தின் பெயர், டிவிஷன், கோயிலுக்கு எந்தப் பக்கம். ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் சிம்பாங்குக்கு (சாலைச் சந்திப்புக்கு) அனுப்பி நிறுத்துங்கள். வண்டிக்கு வழிகாட்ட அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

படி 3: பீய்ச்சும் முறை

ஊசியை இழுங்கள். அப்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்தால் ஊசி வராது. பதற்றத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, சற்றே குனிந்து, குழாயைச் சுவாலையின் அடிக்குக் குறிவையுங்கள். உயரே அடித்தால் பொடி வீண்தான். அழுத்தியபடியே இடமும் வலமுமாகத் துழாவுங்கள். வெளியில் என்றால் காற்று உங்கள் முதுகில் பட வேண்டும்.

சாமி மேடைத் திரைக்குக் கற்பூரத் தீ பற்றினால் இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். மின்கம்பியில் தீ என்றால், மெயின் சுவிட்ச் கைக்கு எட்டினால் முதலில் அதை அணையுங்கள். தீ அணைந்ததும் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். கருவி தீர்ந்தும் தீ அணையவில்லையா? வெளியே ஓடுங்கள். இரண்டாவது கருவியைத் தேடி உள்ளே போக வேண்டாம்.

முறுக்குச் சட்டியும் கேஸ் தோம்பும்

தீபாவளி வாரத்தில் பொரிக்கும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கியடிக்கும். பொடியும் இங்கே சுமார்தான்: வேகமாக அடித்தால் எண்ணெய் சிதறும், அணைந்தாலும் சூடு தணியாமல் மறுபடி பற்றும். அடுப்பை அணைத்து, பொருந்தும் மூடியை ஓரத்திலிருந்து சரித்து மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சட்டியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாவற்றிலும் மோசம்.

கேஸ் தோம்பின் (சிலிண்டரின்) வாயில் தீ எரிகிறதென்றால் வால்வை மூட முடியுமா என்று பாருங்கள். மூட முடியாவிட்டால் தீயை அணைக்காதீர்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். காற்றைவிடக் கனமானதால் தரையில் தேங்கி, ஒரு பொறி பட்டதும் வெடிக்கும். அக்கம்பக்கத்து வீடுகளையும் எழுப்பி விலகிப் போய்விடுங்கள்.

தீ அணைந்த பிறகு

சன்னல்களைத் திறந்து வையுங்கள். பொடி கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். வானொலி, தொலைக்காட்சிமேல் படிந்ததைச் சீக்கிரம் துடைக்காவிட்டால் ஈரம் சேர்ந்து உலோகத்தை அரித்துவிடும். சிறிய தீதானே என்று விடாமல் பொம்பா வந்து பார்க்கட்டும், பலகைச் சுவருக்குள் கங்கு இருக்கலாம். பாதிப் பொடி மிச்சமிருந்தாலும் கருவியை மறுநிரப்புக்கு அனுப்புங்கள். அது திரும்பி வரும்வரை இரவலாக ஒன்று கிடைக்குமா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.