செகண்ட் ஹேண்ட் டீசல் கார்: டிபிஎஃப் கணக்கு போட்டீங்களா?

2020 மாடல் பிஎஸ்-6 டீசல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? அதன் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அதுவே எரித்துவிடும். ஆனா அதுக்கு வண்டி சூடாகி, நிற்காம கொஞ்ச நேரம் ஓடணும். தினம் 8 கி.மீ. டிராஃபிக்கில் ஆபீஸ் போனா அடைச்சுக்கும்.

மாதம் 500 கி.மீ. ஓட்டுறீங்க. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ., விலை ரூ.101, டீசல் கார் 20 கி.மீ., ரூ.92 என்று வைப்போம். டீசலில் மாத மிச்சம் சுமார் ரூ.1,070. ஃபில்டர் மாற்ற 80,000 கேட்டால்? ஆறு வருஷ மிச்சம் காலி!

"கழட்டிடலாம் சார்" என்பார் மெக்கானிக். அது சட்டவிரோதம், கழட்டின வண்டியையும் வாங்காதீங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஸ்கேனர் போட்டு கரி அளவைப் பாருங்க. வாங்கின பிறகு டிபிஎஃப் விளக்கு எரிஞ்சா, மேனுவலில் சொன்னபடி அன்னைக்கே பைபாஸில் ஒரு ரவுண்டு.